மருதத்தில் இருத்தல்: டாக்டர் வாசல் காத்திருப்பியல் குறித்த ஒரு சிற்றாய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது இலக்கணக்காரர்கள் வைத்த சட்டம். நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்புச் சொன்னார். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காகப் பதினொன்றையும் தந்துவிடுகிறேன்.

ஆக்கியோன், முழங்கால் வலிக்கார அத்தைக்குத் துணைக்குப் போனவன். வழி, கிளினிக் அட்டெண்டர் வாய்மொழியாக அருளியதை முதல்நூலாகக் கொண்ட வழிநூல். எல்லை, வடக்கே கொள்ளிடம், மேற்கே கல்லணை, கிழக்கே கடல், தெற்கே கல்லணைக் கால்வாயின் கடைமடை. நூற்பெயர், மேலே உள்ளது. யாப்பு, ஒரே இருக்கையில் கட்டியது. எழுந்தால் நாற்காலி போய்விடும். நுதலிய பொருள், காத்திருத்தல். கேட்போர், டோக்கன் எண் 30க்கு மேற்பட்டவர்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்நூலைப் படித்து முடிக்க அவகாசம் இருக்காது. பயன், பொழுது போகும். காலம், ஆடி மாதத்து மாலை ஒன்று. களம், மின்விசிறிக் காற்று எட்டாத மூன்றாம் வரிசை. காரணம், மேற்படி முழங்கால்.

அத்தை பேராவூரணிப் பக்கத்துக்காரர். தஞ்சாவூரில் எலும்பு டாக்டரைப் பார்க்க வந்தார். டோக்கன் எண் 47. டாக்டர் வரும் நேரம் என்று பலகையில் எழுதியிருந்தது மாலை 5 மணி. ஆய்வுக்கான தரவுகள் இவ்வளவே.

1. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். இங்கே நிலம் மருதம்: வயலும் வயல் சார்ந்த இடமும். இன்றைய நிலையில் இதை ‘வயலும், வயலை அடகு வைத்து ஸ்கேன் எடுத்த இடமும்’ என்று விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தஞ்சையில் வயலுக்கும் வைத்தியத்துக்கும் உறவு பழையது. ஊருக்குள் இருக்கும் பழைய அரசு மருத்துவமனையின் பெயரே இராசா மிராசுதார் மருத்துவமனை. நெல் விளைந்த காசு மருந்தாகக் கரைந்த கதையைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்த ஊர் இது.

ஆகவே ‘மருத்துவர்’ என்ற சொல்லே ‘மருதம்’ என்பதிலிருந்து பிறந்தது என்று நான் துணிந்து கூறுவேன். சொல்லாய்வாளர்கள் கல்லெறிவார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிச் சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்கள் எறிய மாட்டார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் என்று எந்தப் பஸ்ஸில் ஏறியவர்களும் கையில் ஜவுளிக்கடைப் பையோடு கடைசியில் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். பைக்குள் புடவை இல்லை. சுருட்டி வைத்த எக்ஸ்ரே.

பொழுதுக்கு வருவோம். மருதத்துக்கு உரிய சிறுபொழுது வைகறை என்றார்கள். டோக்கன் போடும் பொழுது அதுதான். சில இடங்களில் காலை ஆறு மணிக்குப் போன் எடுப்பார்கள், 6.02க்குப் போட்டால் ‘இந்த எண் உபயோகத்தில் உள்ளது’. சில இடங்களில் வாட்ச்மேனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். இருட்டோடு போய்ப் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். சேவல் கூவும் முன்பே ஏழு பேர் எழுதியிருப்பார்கள். அந்த ஏழு பேர் யார், எங்கே தூங்குகிறார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

2. கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் ஆகிய எட்டையும் தொல்காப்பியர் பெயர் சொல்லி அடுக்குகிறார். எட்டையும் அந்த ஒரே ஹாலில் கண்டேன்.

தெய்வம்: கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள். தையல்நாயகியோடு வைத்தியநாத சுவாமி, வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா, நாகூர் தர்காவின் மினாராக்கள். டெல்டாவில் டாக்டர் தொழில் செய்பவருக்கு மேல்முறையீட்டு மன்றங்கள் இவை மூன்றும்தான். இங்கே தோற்ற வழக்கு அங்கே போகும். அங்கே வேண்டிக்கொண்டது இங்கே ‘மருந்து கேட்டுச்சு’ என்று பதிவாகும்.

உணவு: இரு வகை. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வந்தவர் உண்ணாதது ஒன்று. அவருக்கு எதிரே உட்கார்ந்து துணைக்கு வந்தவர் தின்னும் வாழைக்காய் பஜ்ஜி மற்றொன்று. விலங்கு: வாசற்படியில் படுத்திருக்கும் நாய், அதற்கு டோக்கன் இல்லை, ஆனால் இடம் உண்டு. மரம்: ஸ்கூட்டர்கள் நிழலுக்கு ஒதுங்கும் ஒற்றைப் புங்கை. புள்: டியூப்லைட்டுக்குப் பின்னால் வாழும் பல்லியைப் பறவை என்று கொள்ளும் நெருக்கடி ஏற்பட்டது, உரையாசிரியர்கள் இதைவிடப் பெரிய சலுகைகளை எடுத்திருக்கிறார்கள். பறை: டாக்டர் மேஜைமீதுள்ள மணி. அது ஒருமுறை அடித்தால் நாற்பது முதுகுகள் நிமிரும். அடித்தது காபிக்காக என்று தெரிந்ததும் நாற்பதும் சாயும். யாழ்: செல்போன் ரிங்டோன்கள். அம்மன் பாட்டும் சினிமாப் பாட்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க, சத்தம் இல்லாமல் ஓடும் டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருப்பார். செய்தி, அதாவது தொழில்: பக்கத்து நாற்காலிக்காரரின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, “இதுக்கு இவரு வேண்டாம்ங்க, திருச்சியில ஒருத்தரு இருக்காரு” என்று சொல்வது.

3. உரிப்பொருள்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல், முல்லைக்கு உரியது. மருதத்துக்கு உரியது ஊடல். தஞ்சாவூர் சந்தேகத்துக்கு இடமில்லாத மருதம். அப்படியிருக்க முல்லையின் உரிப்பொருள் இங்கே எப்படி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது?

முல்லையின் இலக்கணத்தைக் கிளினிக்கோடு பொருத்திப் பார்த்தேன். பொருத்தம் வியப்பூட்டியது. முல்லைக்குச் சிறுபொழுது மாலை, கிளினிக்கும் மாலைதான். முல்லைத் தலைவன் ‘கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போவான். டாக்டர் 5 மணி என்று பலகை எழுதிவிட்டுப் போவார். மழை பெய்துவிடும், தலைவன் வரமாட்டான். அப்போது தோழி வந்து, ‘இது கார்காலமே இல்லையடி, மேகம் தவறிப்போய்ப் பெய்கிறது’ என்று ஒரு பொய் சொல்லித் தேற்றுவாள். அட்டெண்டரும் தோழிதான். 5.40க்கு ஒருவர் மணியைக் காட்டிக் கேட்டபோது, “அந்தச் சுவத்துக் கடிகாரம் ஃபாஸ்ட்டுங்க” என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளில் உத்தி மாறவில்லை.

மருதம் தன் உரிமையை முழுதாக விட்டுவிடவும் இல்லை. கல்லா ஓரத்தில் ஊடல் நடந்தபடியே இருந்தது. சங்கத் தலைவி ஊடுவதற்குக் காரணம், தலைவன் வேறொரு வாசலை மிதித்தது. இங்கே காரணம் மெடிக்கல் ரெப். டை கட்டி, தோல் பை தூக்கி, மூன்று பேராக வந்து, நாற்பது பேர் பார்க்க உள்ளே போய், சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கும்படி பேசிவிட்டு வருவார்கள். “எங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல, அவங்ககிட்ட என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?” என்று முன் வரிசை அம்மா ஒருவர் கேட்டார். இதைவிடத் தூய மருதத்தை நான் எந்தத் தொகை நூலிலும் கண்டதில்லை.

ஏனைய திணைகளும் விட்டுப்போகவில்லை. பாலைக்குப் பிரிவும் நண்பகலும்: லேப் கல்லாவில் பணம் பிரியும் நேரம். நெய்தலுக்கு இரங்கலும் எற்பாடும்: பொழுது சாயும் வேளையில் ரிப்போர்ட் கைக்கு வந்து, அதில் தடித்த எழுத்தில் உள்ளவை எல்லாம் கெட்ட செய்தி என்று தெரியவரும் நேரம். குறிஞ்சிக்குக் கூடலும் யாமமும்: டாக்டரைக் கண்ணால் காணும் நேரம். அத்தைக்கு அது யாமத்தில்தான் வாய்த்தது என்பது பின்னர்க் கூறப்படும்.

4. முன்னோர் முடிபு

நம் வட்டாரத்தின் மூத்த நிபுணர் வைத்தீஸ்வரன் கோயிலில் இருக்கிறார். 4,448 நோய்க்கும் அவரே மருத்துவர் என்பது நம்பிக்கை. செவ்வாய்க்கு வந்த நோயே அங்கேதான் தீர்ந்தது என்கிறது தலபுராணம். கோள்களுக்கே சிகிச்சை கொடுத்தவர் என்றால் சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்பதில் ஐயமில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, திருச்சாந்துருண்டை. கட்டணமாக உப்பும் மிளகும், குளத்தில் கரைக்க வெல்லமும். ரிப்போர்ட் கேட்பதில்லை.

அடுத்தவர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை தஞ்சை அரசர். அவர் காலத்தில் தன்வந்திரி மகால் மருந்தாராய்ச்சிக் கூடமாக விளங்கியது. கண் நோயாளிகளின் விவரக் குறிப்புகள், கண்களை வரைந்து வண்ணம் தீட்டிய படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு கண்ணை வரைய வேண்டுமென்றால் ஓவியர் அதை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்! அந்த நோயாளியும் காத்திருந்தவர்தான். ஆனால் கதவுக்கு உள்பக்கம் காத்திருந்தார். அவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது காத்திருந்தார். அன்றைய காத்திருப்புக்கும் இன்றையதற்கும் நடுவே ஒரு கதவு இடம் மாறியிருக்கிறது என்பது என் துணிபு.

மேலை நாட்டாரில் நால்வரைச் சொன்னால் போதும். 1909இல் டென்மார்க்கின் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் அழைப்புகள் எப்படி வந்து மோதுகின்றன என்று கணக்குப் போட்டார். வரிசைக் கோட்பாடு அதிலிருந்து முளைத்தது. 1952இல் வெல்ச், பெய்லி இருவரும் ‘லான்செட்’ இதழில் மருத்துவமனைக் காத்திருப்பையே நேரடியாக ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் இரண்டு பேரை மட்டும் வரச் சொல், மற்றவர்களை டாக்டர் ஓர் ஆளுக்கு எடுக்கும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல் என்பது அவர்கள் சொன்ன வழி. டாக்டரும் நேரத்துக்கு வந்தால்தான் அது பலிக்கும். இந்த ஒரு நிபந்தனையால் அக்கொள்கை காவிரிக் கரையில் வேர் பிடிக்காமல் போயிற்று. 1961இல் ஜான் லிட்டில் ஒரு விதியை நிறுவினார். காத்திருப்போர் தொகையை, மணிக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் வரும். 42 பேர், மணிக்கு 12 பேர் என்றால் மூன்றரை மணி நேரம்.

இந்தக் கணக்கை அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “டாக்டர் இன்னும் வரவே இல்லையேப்பா” என்றார். சுழியால் வகுக்கக் கூடாது என்பதை லிட்டிலும் மறுக்க மாட்டார்.

5. ‘இப்ப’ என்னும் சொல்

காத்திருப்பியலின் இலக்கணம் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கும். “டாக்டர் இப்ப வந்துடுவாரு.” அகராதிகள் இதற்கு ‘இந்நேரம்’ என்று பொருள் தருவது பிழை. களப்பணியில் இதன் பொருள் வேறுபாடுகளைத் தொகுத்தேன்.

‘இப்ப வந்துடுவாரு’ என்றால், எங்கே இருக்கிறார் என்று சொல்பவருக்கே தெரியாது. ‘ரவுண்ட்ஸ்ல இருக்காரு’ என்றால் வேறொரு மருத்துவமனையில் இருக்கிறார். ‘தியேட்டர்ல இருக்காரு’ என்பது கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கும் பிரம்மாஸ்திரம். அறுவை சிகிச்சைக்கு எதிராக யாராலும் வாதாட முடியாது. ‘கிளம்பிட்டாரு’ என்றால் கிளம்பப் போகிறார். ‘இதோ கார் வந்துட்டிருக்கு’ என்றால் கார் வருகிறது. டாக்டர் அதில் இருப்பது கட்டாயமில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இந்த மொழி பழகியது என்பதால் யாரும் கலவரப்படவில்லை. ‘மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு’ என்று ரேடியோவில் கேட்டுவிட்டு உடனே யாரும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடுவதில்லை. ஜூன் 12 அங்கே திறந்தால், மாயனூர், முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வரவே மூன்று நாள் ஆகும். அங்கே பூசை போட்டு, மலர் தூவி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விட வேண்டும். கால்வாயின் வால் பகுதிக்கு வருவதற்குள் வாரங்கள் கடக்கும். சில ஆண்டு செய்தி மட்டும் வரும், தண்ணீர் வராது. ‘கிளம்பிட்டாரு’ என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை காலை நீட்டி, முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துச் சாய்ந்துகொண்டது இந்த அறிவால்தான்.

6.40க்கு டாக்டர் வந்தார்.

6. மடையியல்

இந்த நூலின் மையக் கோட்பாடு இது: கிளினிக் என்பது ஒரு பாசன வாய்க்கால். டாக்டர் நீர். கதவு ஷட்டர். ஷட்டரை ஏற்றி இறக்கும் அட்டெண்டர் லஸ்கர். டோக்கன் 1 முதல் 15 வரை தலைமடை, 16 முதல் 35 வரை நடுமடை, மீதி கடைமடை.

எல்லா வாய்க்காலிலும் போலவே இங்கேயும் கசிவு உண்டு. கசிவு ஐந்து வகைப்படும். ஒன்று, ‘ரிப்போர்ட் மட்டும் காட்டணும்’ என்பவர். உள்ளே போனதும் இடுப்பு வலியையும் சேர்த்துக் காட்டுவார். இரண்டு, ‘ஒரே ஒரு கேள்வி’ என்பவர். கேள்விக்கு வரும் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். மூன்று, டாக்டரின் ஊர்க்காரர். செருப்பை வெளியே கழற்றாமல் போவதால் அடையாளம் காணலாம். நான்கு, போனில் பேசியபடியே உள்ளே நுழைபவர். மறுமுனையில் கலெக்டரே இருப்பது போன்ற முகபாவம் இவருக்கு இலக்கணம். ஐந்து, முன்சொன்ன ரெப். இவரை நேரடி மோட்டார் இறவை என்று கொள்க. இந்த ஐந்தும் போக மிஞ்சுவது கடைமடைக்கு.

இப்போது மூன்றாம் இயலில் தொங்கவிட்ட கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். மருதத்தில் ஏன் இருத்தல்? முல்லை வானம் பார்த்த பூமி. மழை எப்போது வரும் என்று காத்திருப்பது அதன் பிழைப்பு, அதனால் இருத்தல் அதன் உரிப்பொருள். மருதத்துக்கு ஆறு இருந்தது. காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால் ஊடிக்கொள்ள நேரம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் வருவதே ஒரு வழக்கு என்று ஆனபின் மருதம் முல்லையாயிற்று. டெல்டா எடுத்த டோக்கனைப் பாருங்கள். 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது: பெயர் எழுதியாயிற்று. 1991இல் இடைக்காலத் தீர்ப்பு: ‘உட்காருங்க, கூப்பிடுறோம்’. 2007இல் இறுதித் தீர்ப்பு: உள்ளே அழைத்து 192 டி.எம்.சி. என்று சீட்டு எழுதினார்கள். 2013இல் அரசிதழில் வந்தது: மெடிக்கலில் மருந்து ‘வந்துடுச்சு’ என்றார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அளவை 177.25 ஆகக் குறைத்தது: ‘டோஸ் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கேன், பாருங்க’. இருபத்தெட்டு ஆண்டு. இதில் தேறி வந்தவர்களுக்கு எலும்பு டாக்டரின் ஆறு மணி நேரம் ஒரு பொருட்டா?

இதிலிருந்து பெறப்படும் விதி: டோக்கன் முறையைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. டெல்டாக்காரர் கேட்பதும் நேரத்தை அல்ல. அந்த ஹாலில் ‘எத்தனை மணிக்கு என்னைக் கூப்பிடுவீங்க?’ என்று கேட்டவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் கேட்டது, “இப்ப எத்தனாம் நம்பர் ஓடுது?” கவனிக்க: நம்பர் ஓடுகிறது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்க்காலில் நீர் ஓட, வரப்பில் முறைக்காரன் உட்கார்ந்திருப்பது போல. வரப்பில் உட்கார்ந்தவன் கடிகாரம் பார்ப்பதில்லை. மேல்வயல் நிறைந்ததா என்று பார்க்கிறான். அத்தையும் அப்படியே 46ஆம் எண் பெரியவர்மீது ஒரு கண் வைத்திருந்தார். அவர் எழுந்து ஒன்றுக்குப் போனபோதெல்லாம் திரும்பி வரும்வரை கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

7. தடையும் விடையும்

கோட்பாடு இவ்வளவு அழகாக அமைந்தால் எங்கோ இடிக்கப் போகிறது என்று பொருள். இரவு 9.15க்கு இடித்தது.

அப்போது ஓடியது 44. எங்களுக்குப் பின்னால், 58ஆம் எண்ணோடு ஒரு இளம்பெண். மடியில் நான்கு வயதுப் பையன், முழங்கை வீங்கி, தூளியாகக் கட்டிய துண்டில் கை தொங்கியது. அழுது முடித்து விக்கல் நிலைக்கு வந்திருந்தான். எந்த ஊர் என்று அத்தை கேட்டார். வேதாரண்யம் என்றாள். அத்தை என் கையிலிருந்த டோக்கனை வாங்கினார். அவள் கையில் 47ஐத் திணித்து, 58ஐ எடுத்துக்கொண்டார். “முதல்ல இந்தப் புள்ளைய உள்ள விடுங்க, தம்பி” என்று அட்டெண்டரிடம் சொன்னார்.

ஆய்வாளன் என்ற முறையில் நான் அதிர்ந்துபோனேன். காரணம் உண்டு. முறைப்பாசனம் வைத்த ஒரு வறட்சி ஆண்டில், ராத்திரி இரண்டு மணிக்கு வரப்பில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்து, தன் முறையில் அரைமணித் தண்ணீர் கேட்ட சொந்தத் தம்பியை, அதாவது என் அப்பாவை, மண்வெட்டியைத் தூக்கிக் காட்டித் திருப்பி அனுப்பியவர் இந்த அத்தை. அதன்பின் இருவரும் இரண்டு பொங்கல் பேசிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர் முறையை விட்டுக் கொடுத்தார் என்றால் என் மடையியல் என்னாவது?

“ஏன் அத்தை, அப்பாவுக்கு அரைமணித் தண்ணி விடாத ஆளு, இங்க பதினோரு நம்பர விட்டுட்டீங்களே?”

அத்தை என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன்மீது படிக்காதவர்களுக்கு உண்டாகும் இரக்கம் இருந்தது. “தண்ணிய விட்டா குறையும்டா. அவன் வயல்ல பாஞ்சது என் வயலுக்கு வருமா? டாக்டரு குறைவாரா? உள்ளதான உக்காந்திருக்காரு, எங்க போயிடப் போறாரு?”

எர்லாங், வெல்ச், பெய்லி, லிட்டில் ஆகிய நால்வரும் விட்ட இடத்தை நிரப்பும் கருத்து இது. நீர் செலவாகும் பொருள், டாக்டர் செலவாகாத பொருள். ஆகவே கிளினிக் வாய்க்கால் அன்று. என் கோட்பாடு பிழை. நோட்டில் ‘மடையியல் முழுதும் நீக்குக’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. விபத்துக் கேஸ் ஒன்று என்று போன் வந்து, டாக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வேகமாக வெளியே போய்க் காரில் ஏறினார். அதற்குள் 47 உள்ளே போய் வந்துவிட்டது, பையன் கையில் மாவுக்கட்டு. 48 முதல் எல்லோரும் வெளியே.

நான் அத்தையைப் பார்த்தேன். டாக்டர் குறைந்துவிட்டார் என்று சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது போலும். “போனா என்னடா, திரும்பி வரணும்ல” என்றார் அத்தை. “தியேட்டர்லதான இருக்காரு.”

‘நீக்குக’ என்று எழுதியதை அடித்துவிட்டேன்.

8. புறனடை

நூலில் அடங்காதவற்றைக் கடைசியில் ஒரு விதியில் ஒதுக்கி வைப்பது மரபு. அடங்காதது இங்கே ஒன்று உண்டு.

67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. வங்கதேசத்தில் 48 நொடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். எங்கள் டாக்டர் இரண்டுக்கும் நடுவே நின்றார். முழங்காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார், நடவு வேலைக்குப் போவீர்களா என்று கேட்டார், போகாதீர்கள் என்றார். மொத்தம் நான்கு நிமிடம். நல்ல மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காலையிலிருந்து அவரும் எதற்காகவோ காத்திருப்பவர்போல்தான் இருந்தார். சாப்பாட்டுக்காக இருக்கலாம்.

சீட்டை எழுதி நீட்டியவர், சுவரில் மணியைப் பார்த்தார். 11.20. சங்கடப்பட்டுக்கொண்டு கேட்டார்.

“ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களாம்மா?”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகியபடி எழுந்தார். ஊரிலிருந்து பகல் ஒரு மணிக்குக் கிளம்பியவர். பதினோரு நம்பரை விட்டுக் கொடுத்தவர். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவர்.

“இல்லீங்களே,” என்றார். “இப்பதாங்க வந்தோம்.”

ஐந்தாம் இயலில் விடுபட்ட பொருள் இது. இங்கே ‘இப்ப’ என்பது ஆறு மணி இருபது நிமிடம்.